மூணாவது படிக்கிற பிள்ளை இன்னும் 'அரும்பு'லயா? கோபப்படும் முன்...

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் அப்பா சிங்கப்பூரில், பிள்ளை அப்பத்தா வீட்டில் என்று இருக்கும் குடும்பங்கள் நிறைய. வீடியோ காலில் அப்பா கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மார்க்?" மார்க் சில நேரம் நல்லாவே இருக்கும். சிக்கலே அங்கேதான்.

கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து 70 வாங்கும் பிள்ளைக்கு, பார்க்காத ஒரு பத்தியை நீட்டினால் வாசிக்க வராமல் போகலாம். தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது. அது சரியான முடிவுதான். அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்தால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. ஆனால் 'பாஸ்' என்ற சொல்லை நம்பி வீட்டில் சும்மா இருந்துவிட முடியாது. 2022 அசர் ஆய்வில், கிராமப்புறத் தமிழ்நாட்டின் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 4.8 சதவீதம்தான்.

அதே 2022இல் அரசுப் பள்ளிகளில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கிறது. எந்த வகுப்பு என்பதைவிட, எதுவரை கற்றிருக்கிறது என்பதுதான் கணக்கு. "எம்புள்ளைக்கு ஏன் ஒண்ணாவது பாடம்?" என்று கொதிக்கும் பெற்றோர் உண்டு. கேட்க வேண்டியது வேறு: "மொட்டுக்குப் போக எது தடுக்குது? வீட்ல என்ன செய்யணும்?"

வீட்டிலும் பார்த்துவிடலாம். போன வருசப் புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாகியிருக்கும். பஸ் போர்டு, மளிகைச் சீட்டு, பேப்பர் தலைப்பு போதும். எழுத்துக்கூட்டி வாசிக்கிறதா, முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறதா? 42இலிருந்து 17 போகச் சொன்னால் 35 என்கிறதா? அப்படியென்றால் கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை. புத்தகத்தை எடுத்தாலே வயிற்றுவலி என்றால் அதையும் நடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது.

உடனே டியூஷனா? அங்கேயும் மூணாவது பாடத்தையே இன்னொரு முறை நடத்தினால் காசுதான் வீண். முதலில் வகுப்பாசிரியர். கண், காது பரிசோதனையும் சேர்த்து. பல மாதம் உதவியும் எழுத்துகள் குழம்பிக்கொண்டே இருந்தால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கலாம். கற்றல் குறைபாட்டை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் கேட்கலாம். பத்தாவது ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் அதற்காக ஓடினால் எப்படி?