ஐந்தில் ஒரு விநாடிக்கு ஐந்நூறு மெகாபைட்டா?

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் ஒன்றாய்க் கலந்தபோது பிறந்த ஈர்ப்பு அலை, அமெரிக்காவில் லிவிங்ஸ்டனிலும் ஹான்ஃபோர்டிலும் அமைந்த லைகோ கருவிகளைத் தொட்டுச் சென்றது. அந்தச் சலனம் கருவிகளில் தெரிந்த நேரம் சுமார் 0.2 விநாடி. விஞ்ஞான வரலாற்றில் பிரசித்தி பெற்றுவிட்ட அந்தக் கணத்தின் பதிவை லைகோ விஞ்ஞானிகள் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. நான்கு வகைக் கட்டுகளாகக் கட்டி, உலகத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். 32 விநாடிக்கு ஒரு கட்டு, 4096 விநாடிக்கு ஒரு கட்டு. இரண்டுமே விநாடிக்கு 4096 எண்கள் வீதமும் கிடைக்கும், 16,384 எண்கள் வீதமும் கிடைக்கும். எண்ணுக்கு எட்டு பைட்டு என்று கொண்டால், மிகச் சிறிய கட்டு ஒரு மெகாபைட்டுக்குச் சற்றே மேல். மிகப் பெரியது ஐந்நூறு மெகாபைட்டையும் தாண்டுவது. சுருக்கி அனுப்பும்போது இரண்டும் கொஞ்சம் மெலியுமே தவிர, அவற்றினிடையே உள்ள தூரம் குறையாது.

இக்காலத்து வான சாஸ்திரிகள் தங்கள் கணக்கை ஜூபிட்டர் நோட்புக் என்னும் சாதனத்தில் எழுதுகிறார்கள். விளக்கமும், கணக்கிடும் நிரலும், அந்நிரல் வரைந்த படமும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்பதும், படிப்பவர் அதைத் தம் கையாலேயே மறுபடி ஓட்டிப் பார்க்க முடிவதுமே அதன் விசேஷம். ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று நிரல்மொழிகளின் பெயர்களிலிருந்து கோத்த அந்தப் பெயரில், வியாழனின் துணைக்கோள்களைக் குறித்து கலீலியோ 1610-இல் எழுதி வைத்த ஏடுகளுக்கு ஒரு வணக்கமும் மறைந்திருக்கிறது. கலீலியோ அங்கே வரைந்ததெல்லாம் ஒரு சிறு வட்டமும், அதன் இருபுறமும் சில நட்சத்திரக் குறிகளுமே; அன்றிரவு தொலைநோக்கியில் தென்பட்ட ஆகாயம் முழுவதையும் அவர் ஏட்டில் கொண்டுவந்து கொட்டவில்லை. அவருக்கு வணக்கம் செலுத்தும் பெயரைச் சூடிய இன்றைய ஏடுகள் பல, இந்த ஒரு குணத்தை மட்டும் அவரிடமிருந்து சுவீகரிக்க மறந்துவிட்டன என்பதே என் குறை.

ஒருவர் தமக்கென்று எழுதிக்கொள்ளும் நோட்புக்கில் எவ்வளவு தரவை இறக்கினாலும் அது அவருடைய சொந்தச் செலவு. அதையே பிறருக்குப் பகிர்ந்துவிட்டால், எழுதியவர் ஒரு முறை இறக்கிய கோப்பை ஓட்டிப் பார்க்கிறவர் ஒவ்வொருவரும் புதிதாக இறக்கவேண்டியிருக்கிறது; அதிலும் பைண்டர், கோலாப் போன்ற சேவைகள் இரவலாகத் தரும் கணினிகளில் ஓட்டினால், கொஞ்ச நேரம் சும்மா விட்டதும் அந்தக் கணினியே கலைந்துபோவதால், நேற்று இறக்கியது இன்றைக்கு இராது. ஈர்ப்பு அலைத் தரவைக் கையாளப் பலரும் பயன்படுத்தும் ஜி.டபிள்யூ.பை என்ற பைத்தான் தொகுப்பில், தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் கொடுத்துச் சில விநாடித் தரவைக் கேட்கலாம்; ஆனால் அந்த விநாடிகளைத் தாங்கிய கோப்பு முழுவதும் வந்து இறங்கிய பிறகே வேண்டிய துண்டு அதிலிருந்து வெட்டப்படுகிறது. கேச் செய்துகொள் என்று நாமாகச் சொன்னாலொழிய, அதே வரியை மறுபடி ஓட்டும்போது அதே கோப்பு மறுபடியும் வருகிறது. வரியை எழுதியவருடைய இணைப்பு வேகமாக இருப்பின், இத்தனையும் நடப்பது அவர் கண்ணில் படுவதே இல்லை.

நாற்பது மாணவர்கள் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். இரண்டு கருவிகளின் பெரிய கட்டுகளையும் ஒவ்வொருவரும் இறக்கினால் நாற்பது ஜிகாபைட்டுக்கு மேல். சிறிய கட்டுகளானால் நூறு மெகாபைட்டுக்கும் குறைவு. முதலாவது அந்தக் கல்லூரியின் வைஃபையை முடக்கிவிடும். இரண்டாவதை ஒரு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டே தாங்கும். திறந்த தரவு என்ற அழகிய சொல்லுக்கு, அந்த அறையின் கடைசிப் பெஞ்சில் கைப்பேசி இணைப்பை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பவரிடத்தில் என்ன அர்த்தம் என்பதை, நோட்புக்கை எழுதியவர் தேர்ந்தெடுத்த ஒரு கோப்பின் பெயர் தீர்மானித்துவிடுகிறது.

பெரியதையே எடுக்கும் பழக்கத்துக்குக் காரணம் ஆணவமன்று. எதை விட்டுவிட்டால் எது கெடுமோ என்ற அச்சம்தான். அந்த அச்சம் தெளிய வேண்டுமானால் விஷயத்தை அறிந்திருக்க வேண்டும். 2015-இல் கண்ட அலையின் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை ஏறிற்று. விநாடிக்கு 4096 எண்கள் வீதம் பதிந்த தரவோ ஆயிரத்தைந்நூறு ஹெர்ட்ஸ் வரைக்கும் தாராளமாகப் போதும். இதை அறிந்தவர் 16,384-ஐத் தொடமாட்டார். ஆகவே தரவைக் குறைப்பது சிக்கனம் மாத்திரமன்று. தம் முடிவு எதன்மேல் நிற்கிறது என்பதை எழுதுகிறவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பரீட்சையும் ஆகும்.

அதற்காக, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லி எங்கும் வெட்டிக்கொண்டு போவதையும் நான் ஏற்கமாட்டேன். பானைச் சோறு முழுவதும் ஒன்றுபோல் வெந்திருப்பதால் அந்தப் பழமொழி பலிக்கிறது. கருவியின் இரைச்சல் அப்படிப்பட்டதன்று. அலை இன்ன வடிவத்தில் வந்தது என்று காட்ட 32 விநாடி போதும். ஆனால் அப்படியொரு சலனம் வெறும் இரைச்சலால் தற்செயலாக நேர்வது 2,03,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கும் குறைவு என்று லைகோ ஆராய்ச்சியாளர்கள் நிறுவியது, இரு கருவிகளும் ஒருசேர இயங்கிய 16 நாள் பதிவை ஆராய்ந்த பின்புதான். காட்டுவதற்கு வேண்டிய அளவு வேறு, நிறுவுவதற்கு வேண்டிய அளவு வேறு. எனவே வெட்டிய துண்டை நோட்புக்கில் வைப்பவர், அதை எந்தக் கோப்பிலிருந்து, எந்த விநாடியிலிருந்து வெட்டினார் என்பதையும், முழுப் பதிவு எங்கே இருக்கிறது என்பதையும் கூடவே எழுதிவைக்கக் கடமைப்பட்டவர். அது இல்லாத துண்டு சாட்சியாகாது.

துண்டாகக் கேட்க வழியில்லை என்று வானியல் சேமிப்பகங்களைக் குறை கூறவும் இடமில்லை. வானியல் படங்களுக்கென 1981-இல் பிரசுரமான ஃபிட்ஸ் என்னும் கோப்பு முறையில், எல்லாமே 2880 பைட்டுப் பகுதிகளாக நிற்கின்றன. தலைப்பின் ஒவ்வொரு வரியும் பழைய துளை அட்டையின் ஞாபகமாக 80 எழுத்து. தலைப்பைப் படித்தாலே படத்தின் எந்தப் புள்ளி எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாமாதலால், சுருக்கப்படாத கோப்பில் வேண்டிய மூலையை மட்டும் தூரத்திலிருந்தே கேட்டு வாங்க முடியும். துளை அட்டைக் காலத்தார் எதை எண்ணி அப்படி வகுத்தார்களோ, அது இன்றைய மேகக் கணினிக்கு வெகு பொருத்தமாக வந்து வாய்த்திருக்கிறது. ஆஸ்ட்ரோபை தொகுப்பு 5.2-ஆம் பதிப்பு முதல் இந்த வசதியைத் தருகிறது. வானத்தில் 24 பாகை அகலமும் 96 பாகை நீளமுமான பட்டையை ஒருசேரப் பார்க்கும் டெஸ் விண்கலத்தின் முழுப் படங்களிலிருந்து, ஒரு நட்சத்திரத்தைச் சூழ்ந்த சில புள்ளிகளை மட்டும் கத்தரித்துத் தருவதற்கென்றே டெஸ்கட் என்று ஒரு சேவை நடக்கிறது. கையா விண்கலம் பட்டியலிட்ட ஏறத்தாழ 180 கோடி நட்சத்திரங்களில் எவை வேண்டும், எந்தெந்தப் பத்தி வேண்டும் என்று வினவி எடுத்துக்கொள்ள ஒரு வினவு மொழியே இருக்கிறது. எல்லாப் பத்தியும் வேண்டும் என்பதற்கு அந்த மொழியில் ஒரு நட்சத்திரக் குறி இட்டால் போதும் என்பதுதான் வினை.

சிலி நாட்டு செர்ரோ பச்சோன் மலையில், இரவொன்றுக்குச் சுமார் 20 டெராபைட் தரவைத் திரட்ட அமைந்த ரூபின் வானாய்வகம் இந்த வழக்கையே இல்லாமல் செய்துவிடும் என்பது சிலருடைய வாதம்: அவ்வளவையும் எவரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, தரவு இருக்கும் கணினி மேடைக்கே நோட்புக் போய் ஓடும். மெய்தான். ஆயினும் அத்தரவு வெளியானபின் முதல் இரண்டாண்டுகள் அந்த மேடையில் நுழையும் உரிமை எல்லாருக்கும் இல்லை. உரிமையற்ற மாணவருக்கு அப்போதும் எட்டக்கூடியது, யாரோ ஒருவர் பகிர்ந்த சிறிய நோட்புக்கே.

ஆதலால் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதையுமன்று. பகிரப்படும் நோட்புக் ஒவ்வொன்றின் முதல் வரியிலும், இதை ஓட்டினால் இத்தனை மெகாபைட் இறங்கும் என்ற எண் இருக்கட்டும். அந்த எண்ணை எழுத உட்காருகிறவர், கூட்டிப் பார்க்கும்போதே பாதிக் கோப்புகளைத் தாமாக நீக்கிவிடுவார் என்று நினைக்கிறேன்.