சிறை மருத்துவக் கணக்கைத் திற!

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஜூலை 1 அன்று புதிய நிதியாண்டு பிறக்கிறது. அதற்கு முந்தைய சில வாரங்களில்தான் அங்கே சிறை மருத்துவத்துக்கான பல ஒதுக்கீடுகள் முடிவாகின்றன, பல ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. பல கவுண்டிகளில் இதற்குத் தனி விவாதமே கிடையாது. சாலைக்குத் தார் போடும் ஒப்பந்தத்தோடு சேர்த்து ஒரே குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றிவிடுவார்கள். பார்வையாளர் வரிசை காலியாகக் கிடக்கும். இந்த ஆண்டு அந்த வரிசையில் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாம் என்று நான் சொல்வது ஹூஸ்டனிலும் டாலஸிலும் நியூஜெர்சியிலும் சான் ஹோசேயிலும் செவிலியராக, மருந்தாளுநராக, பில்லிங் மேசையில் கணக்கராக வேலை பார்க்கும் தமிழர்களை. சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் இரவு ஷிப்டில் அமெரிக்க மருத்துவமனைகளின் கிளெய்ம்களுக்குக் கோடிங் போடும், ஏ.ஆர். காலிங்கில் காப்பீட்டு நிறுவனங்களிடம் டினையலுக்குக் காரணம் கேட்டுக் காத்துக்கிடக்கும் தோழர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அமெரிக்க மருத்துவ பில் எங்கே பிறக்கிறது, எந்த இடத்தில் வீங்குகிறது, எவ்வளவு வெட்டினாலும் மருத்துவமனை கடைசியில் எதற்குச் சம்மதிக்கும் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. சிறைவாசிகளின் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் போராடும் பல நல்ல மனிதர்களுக்கு இந்தக் கணக்கு புரிவதில்லை. அவர்கள் நீதியைப் பேசும்போது எதிர்த்தரப்பு எண்களைக் காட்டி வாயடைக்கிறது. அந்த எண்களைப் பிரித்து மேய நம்மால் முடியும்.

1976-இல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. டெக்ஸஸ் சிறையில் லாரியிலிருந்து பஞ்சுப் பொதி இறக்கும்போது அடிபட்ட ஒரு கைதி, தனக்குச் சரியான சிகிச்சை இல்லை என்று தொடுத்த வழக்கு அது. அவருடைய வழக்கு தோற்றது. ஆனால் கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது கொடூரமான தண்டனை, அரசியல் சட்டத்தின் எட்டாவது திருத்தத்துக்கு விரோதமானது என்ற விதி அந்தத் தீர்ப்பில்தான் உறுதியானது. கூண்டில் அடைத்தவர் மருத்துவரைத் தேடிப் போக முடியாது. அடைத்த அரசுதான் பார்த்தாக வேண்டும்.

"வெளியே யோக்கியமாக உழைப்பவனுக்கே காப்பீடு இல்லை, கைதிக்கு எதற்கு?" என்று நம் வீட்டுக் கூடத்திலேயே கேட்பார்கள். கவுண்டி சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் விசாரணையே முடியாதவர்கள், அவர்களில் பலர் ஜாமீன் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடப்பவர்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். கோபப்படாமல் சொல்லுங்கள்.

இனி பணத்துக்கு வருகிறேன். பியூ அறக்கட்டளையின் ஆய்வுப்படி 2015 நிதியாண்டில் மாநிலச் சிறைத்துறைகள் மருத்துவத்துக்குச் செலவிட்டது 810 கோடி டாலர். அதே ஆண்டில் ஒரு கைதிக்கு லூசியானா 2,173 டாலர் செலவழித்தது, கலிஃபோர்னியா 19,796 டாலர். ஒரே நாடு, ஒரே அரசியல் சட்டம், இடையே ஒன்பது மடங்கு வித்தியாசம். குறைவாகச் செலவழித்த மாநிலம் திறமைசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கலிஃபோர்னியாவும் ஒரு காலத்தில் கைவிட்ட மாநிலம்தான். தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் ஆறேழு நாளுக்கு ஒரு கைதி அங்கே செத்துக்கொண்டிருந்தார் என்பதை 2005-இல் கூட்டாட்சி நீதிமன்றம் பதிவுசெய்தது. மறு ஆண்டே சிறை மருத்துவ நிர்வாகத்தை மாநிலத்தின் கையிலிருந்து பிடுங்கி ஒரு நிர்வாகியிடம் ஒப்படைத்தது. 2011-இல் பிரவுன் எதிர் பிளாட்டா தீர்ப்பில், நெரிசலைக் குறைக்கக் கைதிகளின் எண்ணிக்கையையே குறைக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அன்று பார்க்காமல் விட்ட நோய்களுக்கு மாநிலம் பின்னால் கொடுத்த விலைதான் அந்த 19,796-இன் பெரும்பகுதி என்பது என் கணிப்பு.

செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பே இல்லை. வரிப்பணம் நம்முடையது. யாரிடமிருந்து மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதில்தான் சண்டை. இதுவரை நோயாளியிடமிருந்து பிடித்தார்கள். டெக்ஸஸ் 2011-இல் கொண்டுவந்த சட்டம், மருத்துவரைப் பார்க்கக் கேட்கும் கைதிக்கு ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம் போட்டது. டெக்ஸஸ் சிறையில் வேலைக்குக் கூலி கிடையாது. அந்த 100 டாலர் சோப்புக்கும் தபால் தலைக்கும் அம்மாவோ மனைவியோ அனுப்பிய பணத்திலிருந்து போனது. 2019-இல் அதை மாற்றி, ஒரு தடவைக்கு 13.55 டாலர் என்று வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் கட்டணம் ஒரு தடவைக்கு 5 டாலராக இருந்தது. மணிக்கு 8 சென்ட் கூலி வாங்கிய கைதி, ஒருமுறை மருத்துவரைப் பார்க்க அறுபது மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவர் நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வார்? வாயுத்தொல்லை என்று பொறுத்துக்கொள்வார். பிறகு நள்ளிரவில் ஆம்புலன்ஸ், ஐ.சி.யூ., எக்கச்சக்கமான பில். அந்த 5 டாலர் வசூலால் எந்தக் கஜானாவும் நிரம்பவில்லை. கலிஃபோர்னியா 2019-இல் அந்தக் கட்டணத்தை ஒழித்தது. இல்லினாய்ஸும் அதே ஆண்டு சட்டம் போட்டு ஒழித்தது. போராடினால் நடக்கும் என்பதற்கு இவையே சாட்சி.

அடுத்தது ஒப்பந்தக்காரர்கள். தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்கு மொத்தப் பணம் கொடுத்துவிடுவது பரவலான முறை. அதன் பிறகு மருத்துவமனைக்கு அனுப்பாத ஒவ்வொரு நோயாளியும் நிறுவனத்துக்கு லாபம். 2016 முதல் 2018 வரையிலான மரணங்களை அலசி ராய்ட்டர்ஸ் 2020-இல் வெளியிட்ட புலனாய்வு, அரசே மருத்துவம் பார்க்கும் கவுண்டி சிறைகளைவிடப் பெரிய தனியார் நிறுவனங்கள் பார்க்கும் சிறைகளில் மரண விகிதம் கூடுதல் என்று காட்டியது. கொரைசன் என்ற நிறுவனம் தன்னை இரண்டாகப் பிரித்து, கடன்களையும் வழக்குகளையும் ஒரு கம்பெனியின் தலையில் கட்டியது. அந்தக் கம்பெனி 2023 பிப்ரவரியில் திவால் நோட்டீஸ் கொடுத்தது. லாபம் தரும் ஒப்பந்தங்கள் வேறு பெயரில் தொடர்ந்தன. கை கால் இழந்த கைதிகளும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரும் திவால் நீதிமன்றத்தில் கடன்காரர்களாக வரிசையில் நின்றார்கள். சிகிச்சை கொடுத்த மருத்துவமனைகளும் அதே வரிசையில் நின்றன. 2024 நவம்பரில் வெல்பாத் நிறுவனமும் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் மீதான வழக்குகள் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தன.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லாமல் விட முடியாது. கைதி மரணப்படுக்கைக்குப் போனதும் சில ஷெரிஃப்கள் அவசர அவசரமாக ஜாமீனில் விடுவார்கள். கருணை என்று நினைத்துவிடாதீர்கள். காவலில் இல்லாதவரின் மருத்துவமனை பில்லுக்குக் கவுண்டி பொறுப்பில்லை. அலபாமாவில் இது பத்திரிகைகளில் அம்பலமானது. பிழைத்துவந்தால் அந்தக் கடன் நோயாளியின் தலையில்.

உண்மையான மிச்சம் எங்கே இருக்கிறது என்பதற்கு, தோழர்களே, ஒரே ஒரு அறிக்கையைப் படித்தால் போதும். 2016-இல் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர், கூட்டாட்சிச் சிறைகள் வெளி மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும் தொகையை ஆராய்ந்தார். 2010-இல் 26.3 கோடி டாலராக இருந்த அந்தச் செலவு 2014-இல் 32.7 கோடியாகியிருந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கொடுக்கும் விகிதத்தில் கொடுத்திருந்தால் 2014-இல் மட்டும் குறைந்தது 10 கோடி டாலர் மிச்சமாகியிருக்கும். கூட்டாட்சி விசாரணைக் கைதிகளை வைத்திருக்கும் மார்ஷல் துறையின் காவலில் இருப்பவருக்கு மெடிகேர் விகிதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த அறிக்கை வந்தபோது கூட்டாட்சிச் சிறைத்துறைக்கு அந்த வரம்பு இல்லை. அதாவது, தீர்ப்புக்கு முன் மார்ஷல் காவலில் குடல்வால் அறுவைக்குப் போனால் ஒரு விலை. தீர்ப்பு வந்தபின் அதே ஆள் அதே மருத்துவமனையில் அதே கட்டிலில் படுத்தால் அதைவிடக் கூடுதல் விலை. கட்டிலும் கத்தியும் மாறவில்லை. பில்லிங் மேசையில் உட்கார்ந்த எவருக்கும் இதில் ஆச்சரியம் இராது. மருத்துவமனையின் விலைப்பட்டியலான சார்ஜ்மாஸ்டரில் உள்ள விலையை யாரும் கொடுப்பதில்லை, பேரம் பேசத் தெரியாதவரைத் தவிர. சின்னக் கவுண்டிகள் அப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன. ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனைக்கு மெடிகேர் விகிதத்தில் 110 சதவீதத்துக்கு மேல் மாநிலச் சிறைத்துறை பொதுவாகத் தரக் கூடாது என்று புளோரிடா சட்டமே எழுதி வைத்திருக்கிறது. எல்லா மாநிலங்களும் ஏன் அப்படி எழுதக் கூடாது?

ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட்டின் கதையும் அப்படியே. 1965-இல் அந்தத் திட்டம் பிறந்தபோதே கைதிகளை விலக்கிவிட்டார்கள். ஆனால் சிறைக்கு வெளியே மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்கு மேல் உள்நோயாளியாக இருந்தால் விலக்கு பொருந்தாது. திட்டத்தை விரிவாக்கிய மாநிலங்களில், அதில் சேரத் தகுதியுள்ள பெரியவருக்கான செலவில் 90 சதவீதத்தைக் கூட்டாட்சி அரசே ஏற்கிறது. விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்திசெய்து அனுப்ப ஒரு ஆள் இல்லாத காரணத்தால் கவுண்டி முழுத் தொகையையும் கட்டுகிறது என்றால் அது மன்னிக்க முடியாத அலட்சியம். 2026 ஜனவரி 1 முதல், சிறைக்குப் போனவரின் மெடிகெய்ட்டை ரத்து செய்யாமல் நிறுத்தி மட்டுமே வைக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் மாநிலத்தின் கணினியில் அது நடக்கிறதா என்று யார் சரிபார்த்தார்கள்? விரிவாக்கத்தின் மூலம் மெடிகெய்ட்டில் சேர்ந்த பெரியவர்களுக்கு 2027 ஜனவரிக்குள் வேலை நிபந்தனை வருகிறது, மாதம் 80 மணி நேரம். விடுதலையானவருக்கு மூன்று மாதம் மட்டும் சலுகை. அதற்குள் வேலை கிடைக்காத முன்னாள் கைதியின் இன்சுலின் என்ன ஆகும்? அதனால்தான் அவசரம் என்கிறேன்.

மருந்து விலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெபடைடிஸ் சி மாத்திரை ஒன்று 1,000 டாலர், 12 வார சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று விற்ற காலத்தில் பல சிறைகள் கைதிகளை ஈரல் கெடும்வரை காக்க வைத்தன. லூசியானா 2019-இல் ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகை கொடுத்து, மெடிகெய்ட் நோயாளிகளுக்கும் சிறைவாசிகளுக்கும் தேவைப்படும் அளவு மருந்தை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. தலைக்கு மிகக் குறைவாகச் செலவழித்த அதே லூசியானாதான். மனமிருந்தால் அங்கேகூட வழி பிறந்தது.

இப்போது வேலை. பொதுப் பதிவேடுச் சட்டம் நம் ஊர்த் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரிதான். பல இடங்களில் கவுண்டி எழுத்தருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். சிறை மருத்துவ ஒப்பந்தத்தின் முழு நகல், கடைசி மூன்று ஆண்டுகளில் வெளி மருத்துவமனைகளுக்குக் கொடுத்த மொத்தத் தொகை, அது மெடிகேர் விகிதத்தில் எத்தனை சதவீதம், மெடிகெய்ட்டுக்கு அனுப்பிய உள்நோயாளிக் கிளெய்ம்கள் எத்தனை, கைதிகளிடம் வசூலித்த கட்டணம் எவ்வளவு, அதை வசூலிக்க ஆன செலவு எவ்வளவு என்று கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், மொத்தங்கள் போதும். அலுவலகத்தில் உங்கள் கண்ணில் படும் நோயாளி விவரம் ஒன்றைக்கூட வெளியே கொண்டுவராதீர்கள். அது சட்ட விரோதம், அந்த நோயாளிக்குச் செய்யும் துரோகமும்கூட. பொதுப் பதிவேடுகளிலேயே நமக்கு வேண்டியது இருக்கிறது.

சென்னை, திருச்சித் தோழர்களே, வந்துசேரும் தாள்களைப் படித்து அட்டவணையாக்கும் வேலை உங்களுடையது. ஒரு ஒப்பந்தத்தில் மருத்துவமனைச் செலவுக்கு உச்சவரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது, அதற்கு மேல் யார் கட்டுவது என்பதை நீங்கள் கண்டுபிடிக்கும் வேகத்தில் வேறு யாராலும் முடியாது. அமெரிக்கத் தோழர்களே, கூட்டத்தில் பேசும் வேலை உங்களுடையது. ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன், ஓட்டு இல்லையே என்று ஒதுங்காதீர்கள். பொதுமக்கள் கருத்து நேரத்தில் பேசக் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். உள்ளே மகனை, கணவனை, தம்பியை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தாரையும் அழைத்துப் போங்கள். அவர்கள் முதலில் பேசட்டும், நீங்கள் எண்களோடு பின்னால் நில்லுங்கள்.

கோரிக்கை நான்குதான். கைதியிடம் கட்டணம் வசூலிக்காதே. மருத்துவமனை பில்லுக்கு மெடிகேர் விகிதத்தை வரம்பாக வை. தகுதியுள்ள ஒவ்வொரு கிளெய்மையும் மெடிகெய்ட்டுக்கு அனுப்பு. இதில் மிச்சமாகும் பணத்தை உள்ளே செவிலியரை நியமிக்கச் செலவிடு.

கலிஃபோர்னியாவில் கூட்ட நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பு வெளியிட்டாலே போதும் என்பது சட்டம். நிரலைப் பார்த்தபின் ஆள் திரட்ட நேரம் போதாது. ஆகவே எந்த மாநிலத்தில் இருந்தாலும் இன்றிரவே உங்கள் கவுண்டியின் சிறை மருத்துவ ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். தேதி கிடைத்ததும் உங்கள் ஊர்க் குழுவுக்கு அனுப்புங்கள், தாள்களைக் கேட்டு எழுத்தருக்கு எழுதுங்கள், கூட்டம் நடக்கும் நாளுக்கு விடுப்பு சொல்லிவிடுங்கள்.