பிள்ளைகளின் முகம் மங்கலாமா?



பள்ளி ஆண்டிதழ்களில் மேடையேறிய மாணவர்களின் முகங்கள் கட்டங்கட்டமாகச் சிதைந்து அச்சாவதுண்டு. காணொளியை ஓடவிட்டு, கணினித் திரையைப் படம்பிடித்து ஒட்டுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். திரையில் சிறிதாகத் தெரிந்தால் படமும் சிறிதாகவே கிட்டும்.

அடோபி பிரிமியர் புரோ போன்ற தொகுப்பு மென்பொருள்களில் ஒரு காட்சியை மட்டும் அசையாப் படமாக ஏற்றுமதி செய்யலாம். அதற்குமுன், தொகுப்பின் அளவு மூலக் காணொளியின் அளவோடு ஒத்திருக்கிறதா எனப் பாருங்கள். ஜேபெக் வடிவம், திருத்திச் சேமிக்குந்தோறும் நுணுக்கங்களை இழக்கும். பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவமே நன்று. வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கப்படும்.

எனினும், பதிவாகாத முகத்தை எவ்வடிவமும் மீட்டுத் தராது. 1920×1080 படப்புள்ளிகள் கொண்ட காட்சி, அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அச்சுத் தரத்தில் 6.4 அங்குல அகலமே தாங்கும். ஏ4 முழுப்பக்கத்துக்கு அது போதாது.

ஆகவே, நிகழ்ச்சியன்று நிழற்படமெடுக்க ஒருவரைத் தனியே நியமிப்பதே முறை என்பேன். சில பிள்ளைகளுக்கு ஆண்டிதழில் வரும் அந்த ஒரு படமே தொடக்கப்பள்ளி மேடையின் நினைவாக எஞ்சும். அது தெளிவாக இருக்கட்டும்.