மானாவாரிக்கு உயிர்த்தண்ணீர்

மக்காச்சோளத்துக்கு எப்போது தண்ணீர் பாய்ச்சலாம் என்று சாட்பாட்டிடம் கேட்டால், விதைத்த அன்று ஒருமுறை, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் என்று பதில் வரக்கூடும். கிணற்றுப் பாசனத்துக்கு அது சரியான முறைதான். ஆனால் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசியில், மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். மழை இறங்கினால் கரிசல் குழைந்து ஒட்டும். ஏரோ டிராக்டரோ உள்ளே போக முடியாது. உயிர்த்தண்ணீர் அங்கே மேகம் கொடுத்தால் உண்டு.

சாட்பாட் ஏன் அப்படிச் சொல்கிறது? 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்த சாட்ஜிபிடி முதலாக, இத்தகைய சாட்பாட்டுகளுக்குள் இயங்குவது பெருமொழி மாதிரி. ஏராளமான எழுத்தைக் கொண்டு பயிற்றுவித்து, ஒரு சொல்லை அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடப் பழக்கிய நிரல் அது. பதிலை அது சொல்துண்டு சொல்துண்டாகக் கோத்துக்கொண்டே போகும். சில சாட்பாட்டுகள் இணையத்தில் தேடியும் பார்க்கும். அங்கும் யாரோ எழுதிவைத்ததுதான் கிடைக்கும்.

ஆகவே நிறைய எழுதப்பட்ட பொருளில் பதில் பெரும்பாலும் சரியாக அமைகிறது. பாசன மக்காச்சோளம் பற்றி எழுத்து குவிந்து கிடக்கிறது. கரிசல் விவசாயியின் அறிவில் பெரும்பகுதி இன்னும் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இந்த மண்ணுக்கென்றே உழைத்து வருகிறது. உலக எழுத்துக் குவியலில் அதன் பங்கு மிகச் சிறியது.

எனக்குப் பெரிய கவலை, பதிலின் தொனி. எழுத்து நிறைய இருக்கும் பொருளானாலும் அறவே இல்லாத பொருளானாலும், வாக்கியம் பெரும்பாலும் ஒரே சரளத்தோடு வருகிறது. 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு குருத்தைத் தின்னும்போது, எந்த மருந்து, டேங்குக்கு எத்தனை மில்லி என்று அவசரமாகக் கேட்போம். ஏக்கர் கணக்கு லிட்டர் கணக்காக மாறி வந்தாலும் படிப்பவருக்கு அது தெரியாது. தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே தோன்றும்.

கேள்வியில் விவரம் சேர்த்தால் பதில் மாறும். ‘மானாவாரி, கரிசல், தூத்துக்குடி மாவட்டம், இருபது நாள் பயிர்’ என்று எழுதினால், அந்தச் சொற்களும் கணக்கில் சேரும். பாசனப் பேச்சு குறையும். ஆனால் எங்குமே எழுதப்படாததை விவரம் கொண்டுவராது. அந்த இடைவெளியை மாதிரி பொருத்தமாகத் தோன்றும் சொற்களால் நிரப்பிவிடக்கூடும்.

பயிர்க் காப்பீட்டுப் படிவத்தின் கடினமான பத்தியை எளிய தமிழில் விளக்கச் சொல்வதற்கு சாட்பாட் நல்ல துணை. மருந்தின் அளவை டப்பா லேபிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. விதைப்பு நாளையும் ரகத்தையும் ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண்மை அலுவலரிடமோ கேட்கலாம். 2004இல் தொடங்கிய கிசான் அழைப்பு மையமும் இருக்கிறது. 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம்.