வீடு தேடி வரும் பூனைகள்

மாலை விளக்கேற்றும் நேரத்தில் குசினி யன்னலருகே மெல்லிய குரலொன்று கேட்கும். "வந்திட்டுது!" என்று பிள்ளைகள் ஓடுவார்கள். அம்மம்மா மத்தியானத்துச் சோற்றில் மிஞ்சியதைத் தேடுவார். லாச்சப்பலில் உள்முற்றமும் நிலவறையும் உள்ள பழைய கட்டடங்களில் வாழும் குடும்பங்களுக்கு இது புதிய காட்சியல்ல. அந்தப் பூனை யாருடையது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் வீட்டார் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதற்கென ஒரு தட்டும் இருக்கும்.

ஊரிலே வேலிக்கு வேலி தாவித் திரியும் பூனையை இன்னார் வீட்டுப் பூனை என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கமே இங்கும் தொடர்கிறது. வேலைக்கும் பாடசாலைக்கும் எல்லோரும் போனபின் நாலு சுவருக்குள் தனித்திருக்கும் முதியவருக்கு, நாள் தவறாமல் வந்து காலடியில் உரசிப் போகும் ஓர் உயிர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்த அன்பைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அன்போடு சிறிது அறிவும் சேரவேண்டும் என்பதே நோக்கம். அது சேராதவிடத்துச் சில வேளைகளில் பூனைக்கும், சில வேளைகளில் வீட்டாருக்கும் கேடு விளைகிறது.

முதலில் உணவு. கம்பர் தமது காவியத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார். பூனைக்குப் பாலின்மேல் உள்ள ஆசை அவ்வளவு பழையது. ஆயினும் குட்டிப் பருவம் கழிந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. கிண்ணம் நிறையப் பால் வைத்தால் மறுநாள் வயிற்றோட்டந்தான் பலன். சுத்தமான தண்ணீரே போதும்.

பாலைவிடக் கவனிக்க வேண்டியது குழம்பு. வெங்காயமும் உள்ளியும், பச்சையாயினும் சமைத்தனவாயினும், பூனையின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைப்பவை. மீன்குழம்புச் சோற்றை நாள்தோறும் பிசைந்து வைப்பவர், பாசத்தோடு சிறிது சிறிதாக நஞ்சூட்டுகிறார் என்பதை அறியமாட்டார். உப்பும் உறைப்பும் வெங்காயமும் இன்றி அவித்து, முள் நீக்கிய மீன் துண்டு கொடுக்கலாம். அதைவிட, கடையில் விற்கும் பூனை உணவே உத்தமம்.

மருந்து விடயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பூனை சோர்ந்து கிடக்கிறது, காய்ச்சலாக இருக்கலாம் என்று எண்ணி, வீட்டிலிருக்கும் டொலிப்ரான் குளிசையில் ஒரு துண்டைக் கரைத்துக் கொடுப்பது அதன் உயிருக்கே உலையாகும். பரசிற்றமோலை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாய்களுக்கென விற்கப்படும் தெள்ளு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரினும் அவ்வாறே கொடியது. பூச்சாடியில் வைக்கும் லில்லி மலரின் இலை, மகரந்தம், சாடித் தண்ணீர் யாவும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. ஐயம் ஏற்பட்டால் மிருக வைத்தியரைக் கேட்பதே முறை.

அடுத்தது, பல வீடுகளில் பிரச்சினையைக் கிளப்பும் விடயம். மருமகள் கருவுற்றதும், "இனிப் பூனை இந்தப் பக்கம் வரக்கூடாது" என்று ஒருவர் கட்டளையிடுவார். பிள்ளைகள் அழுவார்கள், அம்மம்மா மனம் நோவார். இந்த அச்சத்துக்குக் காரணம் தொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர். 1908இல் துனிஸ் நகரப் பாஸ்டர் நிலையத்தில் சார்ல் நிக்கோலும் லூயி மான்சோவும் இதைக் கண்டறிந்தனர். இதன் வாழ்க்கை வட்டத்தில் பூனைக்குள்ள பங்கு 1970ஆம் ஆண்டளவிலேயே தெளிவாயிற்று. கர்ப்பிணிக்கு முதன்முறையாக இது தொற்றினால் கருவிலுள்ள சிசுவின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆகவே அச்சம் பொய்யன்று. இதற்கான இரத்தப் பரிசோதனையைப் பிரான்ஸ் 1978இல் தொடக்கி, 1992இல், முன்பு தொற்றாத கர்ப்பிணிகளுக்கு மாதந்தோறும் செய்யும் முறையைக் கொண்டுவந்தது.

ஆனால் பூனையைத் தொடுவதால் நோய் வருவதில்லை. பூனை இந்தக் கிருமியைப் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, ஓரிரு வாரங்களுக்கு மட்டுமே மலத்தின் வழியே வெளியேற்றும். அந்த மலமும் ஒரு நாளாவது கிடந்த பின்னரே தொற்றும் தன்மை பெறும். எனவே கர்ப்பிணி மலப்பெட்டியைத் தொடாதிருக்க, வேறொருவர் நாள்தோறும் அதைச் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். பூஞ்சாடி மண்ணைக் கிளறும்போது கையுறை அணியவேண்டும். நன்றாக வேகாத இறைச்சியும், மண் போகக் கழுவாத கீரையும் சலாட்டுமே பலருக்குத் தொற்றை ஏற்படுத்தும் வழிகள் என்பதை மறந்துவிடலாகாது. பூனையைத் துரத்திவிட்டு, இரத்தம் கசியும் இறைச்சியை உணவகத்தில் உண்பதால் பயனில்லை. மருமகள் தமது இரத்தப் பரிசோதனை முடிவை வைத்தியரிடம் கேட்டு அறிந்துகொண்டால், வீட்டில் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

கடியையும் கீறலையும் பற்றி ஒரு சொல். பூனையின் பல் ஊசிபோல் மெல்லியது. கடித்த இடத்தில் சிறு புள்ளி மட்டுமே தெரியும்; கிருமியோ ஆழத்தில் போய்விடும். கையிற் கடித்தால் ஒரே நாளில் வீங்கிச் சிவந்து வலிக்கத் தொடங்கலாம். இதைச் செய்யும் கிருமிகளுள் ஒன்று, பாஸ்டரின் பெயரையே தாங்கிய பாஸ்டரெல்லா. கீறலுக்குப் பின் சில நாட்களோ வாரங்களோ கழித்து அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும் நோயை, 1950இல் பாரிஸ் வைத்தியர் றொபேர் டெப்ரே குழுவினர் 'பூனை நகக்கீறல் நோய்' என விவரித்தனர். பூனைகளுக்கிடையே அதைப் பரப்புவது தெள்ளு. கடித்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியரைக் காணவேண்டும். மஞ்சள் அப்பிக் கட்டிவைப்பது வைத்தியமாகாது.

இங்கு ஒரு பெரிய வேறுபாட்டைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். பிரான்ஸில் தரைவாழ் விலங்குகளிடையே நீர்வெறுப்பு நோய் ஒழிந்துவிட்டதென 2001இல் அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து சட்டவிரோதமாகக் கொண்டுவந்த விலங்குகளில் இடையிடையே அது கண்டறியப்பட்டுள்ளது. இலங்கையிலும் இந்தியாவிலும் நிலைமை அவ்வாறன்று. லாச்சப்பலில் பூனையைத் தடவிப் பழகிய பிள்ளை, விடுமுறைக்கு ஊர் போனதும் அறிமுகமற்ற நாய்க்கும் பூனைக்கும் அதே அன்போடு கைநீட்டும். அங்கு ஒரு சிறு கீறல் பட்டாலும், திட்டுக்குப் பயந்து மறைக்கக் கூடாது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கழுவியவுடன் அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி போட்டு, எஞ்சிய ஊசிகளைப் பாரிஸ் திரும்பிய பின்னும் தவறாது முடிக்க வேண்டும். நோயின் அறிகுறி தோன்றியபின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

இனி, வந்து போகும் பூனை யாருடையது என்ற கேள்வி. பிரான்ஸில் 2012 சனவரி 1க்குப் பின் பிறந்து ஏழு மாதம் கடந்த வளர்ப்புப் பூனைக்கு அடையாள இலக்கம் இருக்கவேண்டும். அது காதிற் குத்திய பச்சையாகவோ, தோலடியில் வைத்த மின்சில்லாகவோ இருக்கும். மிருக வைத்தியர் அதை நொடியில் பார்த்துச் சொல்வார். அடுத்த கட்டடத்து முதியவர் ஒருவர் தமது பூனையைத் தேடிக் கலங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு நோய் காரணமாகத் தனி உணவும் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

உரிமையாளர் இல்லாத பூனையென்றால், உணவு வைப்பது மட்டும் உதவியாகாது. பெண்பூனை ஆறு மாதத்திலேயே கருத்தரிக்கும். ஏறக்குறைய 65 நாளில் குட்டி ஈனும். இரண்டு வருடத்தில் முற்றம் நிறைந்து, அயலவர் முறைப்பாடு செய்யும் நிலை வரும். பொது இடங்களிலும் கட்டட முற்றங்களிலும் அயலவருக்கு இடைஞ்சல் தரும் வகையிலோ எலி சேரும் வகையிலோ உணவு போடுவதைப் பாரிஸ் சுகாதார விதிகள் தடுக்கின்றன. இதற்கு நல்ல வழியை இதே 18ஆம் வட்டாரம் முன்னரே காட்டியுள்ளது. மொன்மார்த்தர் மயானத்துப் பூனைகளைப் பிடித்து, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, மீண்டும் அவ்விடத்திலேயே விட்டுப் பராமரிக்கும் பணியை 1978இல் தோன்றிய 'பூனைப் பள்ளி' என்ற அமைப்பு செய்தது. 1999 சனவரி 6இன் சட்டம் அந்த வழியை ஏற்று, மாநகர முதல்வர்கள் அவ்வாறு செய்ய இடமளித்தது. மேரியிலோ விலங்குநலச் சங்கமொன்றிலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

அந்தப் பூனையை வீட்டோடு சேர்த்துக்கொள்ள விரும்பும் குடும்பம், வாடகை வீடென்று தயங்கத் தேவையில்லை. குடியிருக்கும் வீட்டில் வளர்ப்புப் பிராணி வைத்திருப்பதை ஒப்பந்தத்தில் பொதுவாகத் தடுக்க முடியாதென 1970 யூலை 9இன் சட்டம் கூறுகிறது. சேதமும் அயலவருக்குத் தொல்லையும் இல்லாதிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

அடியவர் இறைவனைச் சரணடையும் முறைக்கு வைணவப் பெரியோர் மார்ச்சால நியாயத்தை உவமை காட்டினர். குட்டி எதுவும் செய்வதில்லை. தாய்ப்பூனையே அதைக் கவ்விக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போகிறது. யன்னலடியில் வந்து நிற்கும் பூனையும் அவ்வாறே எல்லாவற்றையும் வீட்டாரிடம் விட்டுவிட்டு நிற்கிறது. தட்டில் எதை வைப்பது, வைத்தியரிடம் எப்போது கொண்டுபோவது என்பதெல்லாம் வீட்டார் பொறுப்பு. இன்று மாலை அது வரும்போது, குழம்புச் சட்டியை மூடிவைத்துவிட்டு ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பதிலிருந்து அந்தப் பொறுப்பைத் தொடங்கலாம்.