இல்லத்து வெந்நீர்

வெம்மை என்னும் பண்பும் நீர் என்னும் பொருளும் சேர்ந்து வெந்நீர் ஆயிற்று. தண்மையும் நீரும் சேர்ந்து தண்ணீர் ஆயிற்று. ஆயின் நம் வீடுகளில் வழங்குவதோ ‘சுடுதண்ணீர்’ என்னுஞ் சொல். சுடுவதும் தண்ணென்றிருப்பதும் ஒரே கலத்தில் எங்ஙனம் கூடும் என்று இலக்கணம் பயில்வார் நகைப்பதுண்டு. வழக்கு வென்றுவிட்டது, அதன்மேல் எமக்கு வழக்கில்லை. சொல்லிலுள்ள முரணினும் அவ்வெந்நீரை நாம் ஆக்கிக்கொள்ளும் முறையிலுள்ள முரண் பெரிது. அதனைப் பற்றியும், அதனைக் களையத் தொடங்க வேண்டிய இடம் வீடு கட்டுவோரின் வரைபடமே என்பது பற்றியும் ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

பண்டு வெந்நீர் என்றால் புழைக்கடை அடுப்பு. கரியேறிய செப்புத் தவலை அதன்மேல் நிற்கும். தென்னை மட்டையும் பாளையும் சிரட்டையும் உள்ளே எரியும். சற்று வசதியுள்ள வீடுகளில், நடுவே கரி எரியும் குழலையுடைய செப்புப் பாய்லர் இருந்தது. முதியோர் சிலர் அவ்வெந்நீரின் இதத்தை இன்றும் வாயாரப் புகழ்வர். அப்புகழுரைக்கு யாம் முழுதும் இசையோம். புகழ்வார் பெரும்பாலும் அதிற் குளித்தவர். அதனை மூட்டியவர் வேறு. வைகறையில் யாவர்க்கும் முன்னெழுந்து, மழைநாளில் ஈரவிறகை ஊதியூதிப் புகையுண்ட கண்ணோடு நின்றவர் தாய்மாரும் மருமக்களும் கூலிக்கு வந்த பெண்டிருமே. விறகுப் புகை நுரையீரலுக்கு எத்துணைக் கேடென்பதை மருத்துவ நூலார் இன்று ஐயமறக் கூறுகின்றனர். ஆதலின் ‘கீசர்’ என்று யாவரும் அழைக்கும் மின்சாரக் கலம் வீட்டிற் புகுந்தபோது அவர்கட்கு அஃது ஒரு விடுதலையாகவே வந்தது. அதனைக் குறைகூறப் புகுவோர் இதனை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் ஏறத்தாழ 860 கிலோகலோரி தரும். 27 பாகையிலுள்ள குழாய் நீரை 40 பாகைக்கு உயர்த்தி, பெரிய வாளி ஒன்று, அஃதாவது 20 லிட்டர், கொண்டு ஒருவர் குளிப்பதாயின் அதற்கு வேண்டுவது 260 கிலோகலோரி. ஒரு யூனிட்டில் மூன்றிலொரு பங்கும் ஆகாது. நால்வருள்ள குடும்பத்துக்கு ஒன்றேகால் யூனிட் போதும். உண்மைத் தேவை இவ்வளவே. நாம் செய்வதோ, கலத்து நீரை 60 பாகைக்கும் மேலே கொதிக்கவிட்டு, பின்னர் அதிற் பச்சைத்தண்ணீரைக் கலந்து ஆற்றிக் குளிப்பது. லவோதிக்கேயா சபை வெதுவெதுப்பாயிருந்தமைக்காகக் கடிந்துகொள்ளப்பட்டதை வேதத்தில் வாசிக்கின்றோம். பக்திக்கு ஆகாத அவ் வெதுவெதுப்பே குளியலுக்கு ஏற்றது. அன்றியும், காலை முழுதும் பொத்தானை அணையாது விடுவோர் வீட்டில் கலத்தின் சுவர் வழியே வெப்பம் ஓயாது கசிகின்றது. கீசருக்கும் குழாய்க்கும் இடையே நெடுந்தொலைவு உளதேல், குழாயில் நின்று ஆறிப்போன நீர் நாள்தோறும் சாக்கடைக்குச் செல்கின்றது.

விற்பனைக் கடைகளிற் கலத்தின்மேல் ஒட்டியுள்ள விண்மீன் குறிகளைப் பற்றியும் ஒரு சொல். அவை கலத்தினின்று வீணே கசியும் வெப்பத்தின் அளவைக் குறிப்பன. மின்சாரத்தை வெப்பமாக்குவதில் எல்லாக் கீசர்களும் ஏறத்தாழ ஒன்றே. ஐந்து விண்மீன் பெற்ற கலமும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பத்துக்கு மேல் தரவல்லதன்று. குளிப்பதற்குச் சிறிது முன்னே இட்டு உடனே அணைத்துவிடுவோர்க்கு அவ்விண்மீன்களால் வரும் பயன் சிறிதே. இட்டதை மறக்கும் வீட்டார்க்கே அவை பெரிதும் உதவும்.

முரண் என்று முன்னர்க் கூறியது யாதெனின், இதுவே. நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரியை எரித்து ஆவியாக்கிப் பொறியைச் சுழற்றுங்கால், எரிந்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்சாரமாகின்றது. எஞ்சியது வானிலும் நீரிலும் கலந்தொழிகின்றது. வெப்பத்தின் பெரும்பகுதியை இழந்து பெற்ற அம் மின்சாரத்தைக் கம்பி வழியே நெடுந்தூரம் கொணர்ந்து, வீட்டில் மீண்டும் வெப்பமாக்கி, அதுவும் உடற்சூட்டினும் சற்றே மிகுந்த வெப்பமாக்கிக் காலிற் கொட்டுகின்றோம். விளக்கெரிக்கவும் பொறி இயக்கவும் கணிப்பொறி நடத்தவும் வல்ல ஆற்றலை இதற்குச் செலவிடுதல், வீணையை விறகாக்குதலை ஒக்கும். காற்றாலைகளும் கதிரவன் மின்பலகைகளும் இந்நாளில் மிக்குள்ளனவே எனின், முப்பந்தல் கணவாயிற் காற்று மிகுவது வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை. வெந்நீர் மிக வேண்டுவது கார்த்திகை, மார்கழியில். மின்பலகை மிகுதியாய் விளைவிப்பது நண்பகலில். நாம் குளிப்பது விடியலில்.

இதற்கு மாற்று இரண்டுண்டு. ஒன்று, ‘ஹீட் பம்பு’ என்னும் பொறி. குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதுபோல, இது சூழ்ந்துள்ள காற்றின் வெப்பத்தை ஈர்த்து நீரில் ஏற்றும். மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதற்கன்றி, இடம் பெயர்ப்பதற்கு மட்டுமே செலவாதலின், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கின்றது. இக்கருத்தை 1852 ஆம் ஆண்டிலேயே, பின்னர்க் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் வெளியிட்டார். குளிர்நாடுகளிற் பெரிதும் பேசப்படும் இப்பொறி, காற்றே வெதுவெதுப்பாயுள்ள நம் நாட்டில் இன்னும் எளிதாக இயங்கும் என்பதை நம்மவர் பலர் எண்ணிப் பார்த்திலர். விலை மட்டும் கீசரினும் பன்மடங்கு.

மற்றொன்று கதிரவன். சித்திரை வெயிலில் மாடித்தொட்டி நீர் நண்பகலிற் கையைச் சுடுவதை அறியாதார் நம்முள் யார்? வேண்டாத காலத்து விலையின்றி வரும் அவ் வெப்பத்தை வேண்டுங் காலத்துக்குச் சேர்த்துவைப்பதே வித்தை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தவரான கிளாரன்ஸ் கெம்ப் 1891 ஆம் ஆண்டில், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் நீர்த்தொட்டிகளை வைத்துச் சூடேற்றும் கருவிக்கு உரிமம் பெற்றார். அதில் ஒரு குறை இருந்தது: பகலிற் சூடேறிய நீர் இரவில் ஆறிப்போயிற்று. கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பார் 1909 ஆம் ஆண்டில், வெயில் வாங்கும் பலகையை வேறாகவும், வெப்பம் வெளியேறாதபடி போர்த்த தொட்டியை அதற்கு மேலே வேறாகவும் அமைத்தார். சூடேறிய நீர் இலேசாகித் தானே மேலேறித் தொட்டியை அடையும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். எக்கியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மாலையிற் சேர்ந்த வெப்பம் மறுநாட் காலைவரை நிற்கும். இன்று நம் ஊர்களில் விற்கும் கலத்தின் அடிப்படையும் இதுவே. ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் பலகை, தெளிந்த வெயிலுள்ள ஒரு நாளில் 100 லிட்டர் நீரைச் சூடேற்றவல்லது. நால்வர் குடும்பத்துக்கு இது மிகை.

அடைமழைக் காலத்தில் என் செய்வது என்று கேட்பார் கேட்கலாம். கேள்வி நேரியதே. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையிலே தான் நமக்கு வெந்நீர் மிக வேண்டும். வெயிலும் அப்போதுதான் மறையும். ஆகவே தொட்டிக்குள் ஒரு மின்கம்பி துணையாக இருத்தல் இன்றியமையாதது. ஆண்டில் எஞ்சிய நாட்களின் செலவு மிச்சமாவதையும், மேகமூட்டத்திலும் நீர் சில பாகை சூடேறிய பின்னரே கம்பிக்கு வேலை வருவதையும் நோக்குவார் இதனால் மனந்தளரார்.

இவ்வளவு நன்மை வெளிப்படையாயிருந்தும் இவை பரவாதது ஏன்? மக்களின் அறியாமை என்று சொல்லிவிடுதல் எளிது. யாம் அதனை நம்பவில்லை. கீசரை வாங்குபவர் வேறு, மின்கட்டணம் செலுத்துபவர் வேறு என்பதே காரணம். நகரங்களில் வாடகைக்குக் குடியிருப்போர் மிகப் பலர். வீட்டுக்காரர், அல்லது கட்டி விற்பவர், விலை குறைந்த கலத்தை வாங்கி மாட்டுவார். அதன் பசிக்கு மாதந்தோறும் இரையிடுவார் குடிக்கூலியார். நுகர்வு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறுவதாதலின் சுமை இருமடங்கு. தமக்கே ஒரு நல்ல கலத்தை வாங்கலாமெனினோ, மாடிக்கதவு பூட்டியிருக்கும்; சுவரைத் துளைக்க இசைவு கிடையாது; அடுத்த ஆண்டு வீடு மாறவும் நேரலாம். ஒன்றும் மாட்டாத வீடுகளில் நிலைமை இன்னும் கொடிது. வாளியிற் கம்பியை அமிழ்த்தி, அணைக்குமுன் நீரிற் கைவைத்து உயிரிழப்பவர் உளர். காற்றுப் புகாத குளியலறையில் எரிவாயுக் கீசரை இயக்கி, நிறமும் மணமுமில்லாத கார்பன் மோனாக்ஸைடு என்னும் நஞ்சை மூச்சிழுத்து வீழ்ந்தவரும் உளர். இத்தகையோரை நோக்கி ‘சிக்கனமான கலத்துக்கு மாறுங்கள்’ என்று அறிவுரை கூறுதல் யாருக்கு உதவும்?

ஆதலின் எம் கருத்து இது. புதிதாக எழும் ஒவ்வொரு வீட்டிலும் மாடியிலிருந்து குளியலறைவரை வெப்பங்காக்கும் உறை போர்த்த குழாய் ஒன்று, பூச்சு வேலைக்கு முன்னரே சுவருக்குள் பதிக்கப்பட வேண்டும். தென்திசை வெயில் தடையின்றி விழும் இடம் மாடியில் ஒதுக்கப்பட வேண்டும். கலத்தை இன்றே வாங்குவதும் பின்னர் வாங்குவதும் அவரவர் விருப்பம். கலம் பத்துப் பதினைந்து ஆண்டிற் கழியும் பொருள். சுவருக்குட் குழாயோ வீடுள்ளளவும் இருப்பது. கட்டும்போது சிறு செலவு; கட்டிய பின்னரோ சுவரை உடைத்தல். பல மாடிகளையுடைய அடுக்ககங்களில் எல்லார்க்கும் மாடி போதாது. நீண்ட குழாயில் நீரும் ஆறிவிடும். அங்கே ஹீட் பம்பு வைத்தற்குக் காற்றோட்டமான இடமும் மின்னிணைப்பும் விட்டுவைக்கலாம்.

இதனைக் கட்டாயமாக்குதல் தகுமோ எனின், முன்மாதிரிகள் உள. இஸ்ரேல் நாட்டில், 1973 ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி வந்த பின்னர், 1980 ஆம் ஆண்டில், மிக உயர்ந்த கட்டிடங்கள் நீங்கலாகப் புதிய குடியிருப்புகளிற் கதிரவன் வெந்நீர்க்கலம் சட்டத்தால் விதிக்கப்பட்டது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? 2003 ஆம் ஆண்டில் நம் தமிழ்நாடே மழைநீர் சேகரிப்பைக் கட்டிடந்தோறும் கட்டாயமாக்கிற்று. மழைநீரை மாடியினின்று நிலத்துக்கு இறக்கக் குழாய் வைத்த நமக்கு, வெந்நீரை மாடியினின்று குளியலறைக்கு இறக்கக் குழாய் வைத்தல் அரிதன்று. அம் மழைநீர்க் குழிகளுட் பல தூர்ந்து கிடப்பதையும் யாம் மறக்கவில்லை. கட்டிட விதிகளிற் கதிரவன் வெந்நீரைப் பற்றிய சொற்கள் இல்லாமலும் இல்லை. கட்டிமுடித்த பின்னர்ப் பார்வையிட வருவோர் குழாயைத் திறந்து பார்த்துக் கையொப்பமிடும் வழக்கம் வந்தாலன்றி ஏட்டுவிதி ஏட்டளவே நிற்கும்.

இம் மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பொறியாளர் பலர். வீடு கட்டுவிப்போரும் வாடகைக்கு விடுவோரும் பலர். எம் சொல் பெரிதும் அவர்களை நோக்கியதே. மாணவராகிய நாமோ, பத்தொன்பது வயதில் சித்திரைத் திங்களில் வெந்நீர் கேட்பதை விட்டொழிக்கலாம். குளிர்ந்த நீரினும் சிக்கனமான கலம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நோயாளிக்கும் முதியோர்க்கும் பிள்ளை பெற்றார்க்கும் வேண்டுவது வேறு.

கல்லூரி விடுதிகளைப் பற்றி ஒன்று கூறி முடிப்போம். கலத்தை வாங்குபவரும் கட்டணம் செலுத்துபவரும் ஒருவராகவே இருக்கும் இடம் அவை. வீட்டுக்காரர், குடிக்கூலியார் என்னும் பிணக்கு அங்கில்லை. தளங்களும் பெரும்பாலும் அகன்றவை. அங்கே இம் முறையைத் தொடங்குவோர் கலத்தின் விலையைக் கேட்குமுன் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளல் நலம். ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீர் பலகையின் மெல்லிய செப்புக் குழல்களிற் சுண்ணாம்பைப் படியவைத்துச் சில ஆண்டுகளில் அடைத்துவிடும். அத்தகைய நீருக்குக் கண்ணாடிக் குழல்களாலான வகையோ, பலகைக்குள் வேறு நீர் சுழன்று தன் வெப்பத்தை மட்டும் தொட்டிக்குத் தரும் வகையோ வேண்டும்.