சிறை நிர்வாகம் பயந்த விளையாட்டு... நட்பைக் கற்றுத்தருவது எப்படி?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவங்களுக்கு முதல் எபிசோடு ஞாபகம் இருக்கும். நாலு பசங்க மேசையைச் சுத்தி உட்கார்ந்து, பகடை உருட்டி, கற்பனை அரக்கனோடு சண்டை போடுவாங்க. அதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-ல் வெளியான விளையாட்டு. 2024-ல் இதன் 50-வது ஆண்டுக்கு அமெரிக்க தபால் துறை ஸ்டாம்ப்பே வெளியிட்டது!

எப்படி ஆடுவது?

ஸ்க்ரீன் தேவையில்லை. நாலைந்து பேர், பேப்பர், பென்சில், 20 பக்கங்கள் கொண்ட பகடை உள்ளிட்ட சில பகடைகள் போதும். 'டன்ஜன் மாஸ்டர்' கதை சொல்வார். "எதிர்ல பாலம் உடைஞ்சு கிடக்கு, என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்பார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு கேரக்டராக மாறி முடிவெடுக்க வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

இரண்டு சிறைகள்

1980-களில் 'இது சாத்தான் விளையாட்டு, பசங்க கெட்டுடுவாங்க' என்று அமெரிக்கப் பெற்றோர் பலர் பதறினார்கள். விஸ்கான்சின் மாநிலச் சிறை ஒன்று இதைத் தடையே செய்தது. ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்டு ஆடுவது, கேங் உருவாக வழிவகுக்கும் என்பது அதன் வாதம். கைதி ஒருவர் வழக்கு போட்டார். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சிறையின் பக்கமே நின்றது.

டெக்சாஸில் நடந்ததோ வேறு கதை. மரண தண்டனைக் கைதிகள் அங்கே தனித்தனி செல்லில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். பகடைக்கு அனுமதியில்லை. அதனால் பேப்பரில் சுழற்றி செய்து, செல் விட்டு செல் குரல் கொடுத்து, வருடக்கணக்கில் ஆடினார்கள். பக்கத்தில் உட்காரவே முடியாதவர்கள் நண்பர்களானார்கள். அவர்களில் ஒருவருக்கு 2020-ல் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இந்த இரண்டு சம்பவங்களும் சொல்வது ஒன்றுதான்: இந்த விளையாட்டு மனிதர்களை ஒன்று சேர்க்கும். ஒரு சிறைக்கு அது ஆபத்தாகத் தெரிந்தது. இன்னொரு சிறையில் தனிமைக்கு அதுவே துணையானது.

நமக்கு என்ன லாபம்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 'கேம் டு க்ரோ' என்ற தொண்டு நிறுவனம், பழகத் தயங்கும் பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இந்த வகை விளையாட்டுகள் மூலமே பழகக் கற்றுத்தருகிறது. காரணம் சிம்பிள். 'தப்பா பேசிட்டா என்ன ஆகும்?' என்ற பயம் இங்கே குறைவு. சொதப்பினால், சொதப்பியது உங்கள் மந்திரவாதிதான்! தனியாக யாரும் ஜெயிக்க முடியாது. அதனால் அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். நம் டர்ன் வரும்வரை காத்திருக்க வேண்டும். போட்ட பிளான் பகடையால் பணால் ஆனால், சிரித்துவிட்டு அடுத்த பிளான் போட வேண்டும். குரூப் டிஸ்கஷனிலும் ஆபீஸ் மீட்டிங்கிலும் நாம் திணறுவது இதே விஷயங்களில்தானே?

இது கவுன்சலிங்குக்கு மாற்று இல்லை. மனசு ரொம்ப பாரமாக இருந்தால் நிபுணரைப் பார்ப்பதுதான் சரி. ஆனால், 'பேச ஆள் இல்லை' என்று தோன்றும் வார இறுதிகளுக்கு இது நல்ல ஐடியா. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூணு ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிடுங்க... கதையை ஆரம்பிங்க!